செவலை முதலில் ஏறியது

அக்கா விழுந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் தி. நகரில், ரங்கநாதன் தெருவின் நடுவே, இரண்டு கைகளிலும் துணிப்பைகளுடன் நின்றிருந்தேன். மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வரும் கூட்டம் அந்தத் தெருவில் யாரையும் ஓரிடத்தில் நிற்க விடாது. பைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒரு பாத்திரக்கடைக்குள் ஒதுங்கித்தான் போனைக் காதில் வைத்தேன்.

பேசியவர் அக்காவின் நிலத்துக்கு அடுத்தாற்போல் குடியிருந்த பெண். குதிரைக்குப் புல் அறுத்து வந்து போடுவது அவர்தான்.

"சார், அக்கா தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி வுழுந்துட்டாங்க. எழுந்துக்க முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அடையாறு பக்கம் கொண்டாரச் சொல்லவா?"

கொண்டுவரச் சொன்னேன். வெளியே வந்ததும் மனைவி என்ன என்று கேட்டாள். "அக்கா விழுந்துட்டா. அந்தக் குதிரைதான், வேற என்ன" என்றேன்.

வழுக்கி விழுந்தாள் என்றுதான் அந்தப் பெண் சொன்னார். குதிரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிடம் அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடமாக ஒருநாள் அந்தக் குதிரையால் ஏதாவது ஆகும் என்று சொல்லி வந்தவன் நான். ஏதோ ஒன்று ஆகிவிட்டது. குதிரையால்தான் என்று என் மனம் தானாக முடித்துக்கொண்டது.

அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தாள். குழந்தைகள் இல்லை. மாமா, அதாவது அவள் கணவர், திருப்போரூரைத் தாண்டி உள்ளடங்கிய ஓர் ஊரில் ஒன்றரை ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். மனை பிரித்து விற்கலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு, நிலத்தை விற்றுவிட்டு மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீடு பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆறே மாதத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நிலத்தில் ஓர் அறையும் சமையலறையும் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குதிரை வந்தது அதற்கு அடுத்த வருடம். அவளோடு வேலை பார்த்த ஒருவரின் உறவினர் பந்தயக் குதிரைகள் நிற்கும் லாயத்தில் இருந்தார். முன்னங்காலில் தசைநார் கிழிந்து, இனி ஓட முடியாது என்று ஒதுக்கிய பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று அங்கே நின்றது. சும்மா பார்க்கப் போகிறேன் என்று போனவள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "யாருமே அத கேக்கலடா" என்று மட்டும் சொன்னாள். பந்தயத்தில் அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். அக்கா அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாம்மா", "நகருடி", அவ்வளவுதான்.

நாய்கள் தாமாக வந்தவை. மூன்று. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, மற்றொன்றுக்கு ஒரு காது கிழிந்திருக்கும். செவலைக்கும் குதிரைக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. குதிரை மேயும்போது அதன் நிழலில்தான் செவலை படுத்திருக்கும். நிழல் நகர நகர எழுந்து எழுந்து படுக்கும். குதிரையும் காலை எடுத்து வைக்குமுன் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வைக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காரில் போய்வருவேன். மயிலாப்பூரில் மாட வீதிக் கடையில் அவளுக்குப் பிடித்த காபிப்பொடியும், குதிரைக்குக் கேரட்டும் வாங்கிப் போவேன். நான் போகும்போது பெரும்பாலும் அவள் குதிரையின் காலை மடித்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, இரும்புக் கொக்கியால் குளம்பில் சிக்கிய மண்ணையும் கல்லையும் நோண்டிக்கொண்டிருப்பாள். தொலைபேசி அலுவலகத்துக்குக் கஞ்சி போட்ட புடவையில் போன அக்கா, முழங்கால்வரை சாணியோடு, "காபி ஃபிளாஸ்க்ல இருக்கு, ஊத்திக்கோ" என்பாள். அதிகாலையில் எழுந்து, முந்தின நாள் ஊறவைத்த கொள்ளை வேகவைப்பாள். தவிட்டோடு பிசைந்து வைப்பாள். வெயில் ஏறுமுன் சவுக்குத் தோப்பு ஓரமாகக் குதிரையை நடத்திக்கொண்டு போய் வருவாள். மூன்று நாய்களும் பின்னால் போகும். திரும்பி வந்து காலுக்குத் தண்ணீர் அடிப்பாள். சாயங்காலம் மறுபடி நடை. இதுதான் அவள் நாள்.

உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: சவாரி செய்வீர்களா? அக்கா ஒருநாளும் அதன்மேல் ஏறியதில்லை. "அது கால்ல வலி இருக்கும்போது நான் எதுக்கு ஏறணும்?" என்பாள். அப்படியானால் எதற்குக் குதிரை என்று அவர்களுக்குப் புரியாது. எனக்கும் புரியவில்லை. கார் கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு தடவையும், "போதும்கா, எங்களோட வந்துடு" என்பேன். நாய்க்குச் சோறு வைக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். அவள் கைப்பேசி தொட்டித் தண்ணீரில் விழுந்து போயிருந்தது. மயக்கம் தெளிந்ததும், "கொள்ளு ஊறப் போட்டிருந்தேன், யார் வச்சாங்க?" என்று கேட்டாள். நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறு வயதில் கபாலி கோயில் தேர்க்கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடாமல் இருக்க அப்படிப் பிடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அன்றுதான்.

அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பதினோரு நாள் அக்காவின் நிலத்தில் இருந்தேன். மருத்துவமனையில் மனைவி இருந்தாள்.

முதல் நாள் குதிரை எனக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தொட்டியில் வைத்த தீனியை நான் போகும்வரை தொடவில்லை. புல் கொண்டு வந்த அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி போய் நின்னு பேசுங்க சார். ஊமையாட்டம் வந்தா, வந்தது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

குதிரையிடம் என்ன பேசுவது? முப்பத்து நாலு வருடமாக நான் இன்ஷூரன்ஸ் கோப்புகளோடு இருப்பவன். அதைத்தான் பேசினேன். எந்தக் கோப்பு யார் மேஜையில் நிற்கிறது, புதிதாக வந்த மேலாளர் எப்படி, மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்ததில் பஸ் எப்படியெல்லாம் சுற்றிப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். இரண்டாம் நாள் காதை என் பக்கம் திருப்பியது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தீனி வைத்துவிட்டுத் திரும்பினேன். முதுகில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. திரும்பிப் பார்த்தால் என் சட்டைப்பையை முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பேனாவும் கண்ணாடிக் கூடும்தான் இருந்தன. அசையாமல் நின்றேன். அதன் முகவாய் அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

செவலை என்னோடு அத்தனை சீக்கிரம் சேரவில்லை. அக்கா விழுந்த இடத்தில் தொட்டி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு குதிரை நடந்தால் எழுந்து அதன் நிழலுக்குப் போகும். காலை நடைக்கு நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால், செவலை எனக்கும் குதிரைக்கும் நடுவில்தான் வரும்.

அந்தப் பதினோரு நாளில் எனக்கு ரத்தக்கொதிப்பு குறைந்திருந்தது. நன்றாகத் தூங்கினேன். எனக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. ஊருக்குத் திரும்பியபோது மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்துச் செய்ததைச் செய்திருக்க முடியாது.

அக்கா மூன்று மாதம் நடைச் சட்டத்தோடுதான் நடக்க வேண்டும், படி ஏறக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் கழித்து என்ன என்று நான் கேட்டேன். வயது அறுபத்து மூன்று, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. விடுப்பு முடிந்துவிட்டது, தினமும் யார் பார்ப்பது, புல் அறுப்பவர் மேல் எல்லாவற்றையும் போட முடியுமா என்று காரணங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் உண்மைதான். அந்தப் பெண்ணே, இரண்டு மாதம் நான் பார்த்துக்கிறேன் சார் என்று சொன்னதும் உண்மை. நான்தான் வேண்டாம் என்றேன். அக்காவைக் கேட்டால் மாட்டேன் என்பாள். கேட்காமல் செய்துவிட்டால் கொஞ்ச நாள் வருந்துவாள், பிறகு எங்களோடு பத்திரமாக இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருடம் நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. இப்போது யோசித்தால் அதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

ஈ.சி.ஆர். பக்கம் குழந்தைகளுக்குக் குதிரை ஏற்றம் கற்றுக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. போன் செய்தேன். அமைதியான குதிரை என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கறுப்பையும் காது கிழிந்ததையும் புல் அறுக்கும் பெண் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். செவலை ஒருவர் கைக்கும் அடங்காது என்று அதை ஒரு நாய்க் காப்பகத்துக்குச் சொல்லியிருந்தேன்.

வண்டி காலை பத்து மணிக்கு வந்தது. பின்பக்கம் சாய்வாகப் பலகை போட்ட சின்ன லாரி. அந்தப் பெண் வேலியோரம் வந்து நின்றார்.

"அக்காகிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அவங்கதான் அனுப்பச் சொன்னாங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குதிரை பலகையில் கால் வைக்க மறுத்தது. முன்னங்கால்கள் இரண்டையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, காதுகளைப் பின்னால் மடித்து, கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கழியை எடுத்தான். அடிக்காதே என்று அந்தப் பெண் வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று.

அப்போது செவலை எழுந்து வந்தது. பலகையை முகர்ந்தது. பிறகு சாதாரணமாக மேலே ஏறிப் போய், வைக்கோல் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. குதிரை அதைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்தது. ஒரு கால் வைத்தது. இன்னொரு கால் வைத்தது. யாரும் இழுக்காமல் ஏறி உள்ளே போய் நின்றது.

லாரியில் வந்தவன் செவலையைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கி வெளியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். உள்ளிருந்து குதிரை கனைத்தது. பலகைச் சுவரில் குளம்பால் உதைத்தது. லாரி போயிற்று. செவலை பின்னாலேயே ஓடியது. ஏரிக்கரைத் திருப்பம்வரை அதன் முதுகு தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஒரு மணி வாக்கில் திரும்பி வந்தது. நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. காலியான லாயத்தின் நடுவில் போய் நின்றது. இரண்டு மணிக்குக் காப்பகத்து வண்டி வந்தது. பிடிக்க வலை தேவைப்படவில்லை.

அக்காவை மருத்துவமனையிலிருந்து மந்தைவெளிக்குக் கூட்டி வந்தோம். தினமும் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் கேட்பாள்: கொள்ளு வைத்தார்களாமா, நடத்தினார்களாமா, வயிறு சரியாக இருக்கிறதா. போன் பண்ணினேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். அந்தப் பெண்ணோடு தானே பேச வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள். அங்கே சிக்னல் சரியில்லை என்றேன். மனைவிக்கு எல்லாம் தெரியும். "சொல்லிடுங்க. நாள் ஆக ஆகத் தப்பு பெருசாயிட்டே போகும்" என்று சமையலறையில் மெதுவாகச் சொல்வாள். நாளைக்கு என்பேன். பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று.

இருபதாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நடைச் சட்டம். மேஜைமேல் என் மனைவியின் கைப்பேசி. மதியம் மனைவி கீழே போயிருந்தபோது அதில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசியிருக்கிறாள். நீங்கதானே அனுப்பச் சொன்னீங்கன்னு சார் சொன்னாரு என்று அவர் அழுதிருக்கிறார்.

நான் பையைக் கீழே வைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

அக்கா கேட்டாள்: "வண்டியில ஏத்தும்போது கால்ல துணி சுத்துனாங்களா?"

எனக்கு விளங்கவில்லை.

"முன்னங்கால்ல. அடிபட்ட கால். லாயத்துல ஆணியில மாட்டியிருப்பேனே, பட்டையா, சுருட்டி. அத இறுக்கிச் சுத்தித்தான் வண்டியில நிறுத்தணும். இல்லன்னா ஆட்டத்துல நரம்பு போயிடும். சுத்துனாங்களா?"

லாயத்தில் ஆணியில் மாட்டியிருந்த அந்தத் துணிச்சுருள்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை எடுத்து என் கார்க் கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். சட்டத்தைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு அடியாக அறைக்குப் போனாள். தாங்கிப் பிடிக்க நான் நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு குதிரை ஏற்றப் பள்ளிக்குப் போனேன். அக்கா காரைவிட்டு இறங்க முடியாது. நான் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தேன். வந்து இறங்கிய மறுநாளே கால் வீங்கிவிட்டதாம். பதினைந்து நாள் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளை ஏற்ற முடியாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். காஞ்சிபுரம் பக்கம் என்றார்கள். ஒரு போன் நம்பர் தந்தார்கள். காரில் உட்கார்ந்தே அதைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

காஞ்சிபுரத்துக்கு நான் இரண்டு முறை போனேன். குதிரை வைத்திருப்பவர்கள் என்று கேட்டுக் கேட்டு மூன்று இடம் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக் குதிரைகள். ஊர்வலத்துக்கு வெள்ளைதான் ஓடும், பழுப்பு நிறத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: ஊர்வலத்துக்கென்று அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், அறுப்புக்குத்தான் போயிருக்கும். அக்காவிடம், கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் முறை போகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

செவலை கிடைத்தது. காப்பகத்தில் ஐம்பது அறுபது நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. இது ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. விலா எலும்பு எண்ணலாம். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. காரின் பின்சீட்டில் அக்கா இருப்பதைப் பார்த்ததும் அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது. சத்தமே போடாமல் ஏறி அவள் மடியில் தலையை வைத்தது. 

குடியிருப்பில் நாட்டு நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று இரண்டு வீட்டார் எதிர்த்தார்கள். நான் படியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். இன்றுவரை படிதான். மூன்று மாடி.

நிலத்தை விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. அக்காதான் எடுத்தாள். "இனிமே எதுக்குடா" என்றாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு சுமை இறங்கிவிட்டது என்றுகூட அன்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மனைவியின் தங்கை மகள் கல்யாணம், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அக்கா கைத்தடியோடு வந்திருந்தாள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அவள். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் உறவுக்காரப் பெண்மணி, அவள் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்லிவிட்டு, "நல்லவேளை, அந்தக் குதிரை தள்ளி விட்டதோட போச்சு. மிதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது தள்ளல. தொட்டிகிட்ட பாசி. நான்தான் வழுக்கி விழுந்தேன்" என்றாள். "நான் விழுந்து கிடந்தப்போ ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னுது. வெயில் என் மேல படாம."

அந்தப் பெண்மணி, உங்க தம்பிதானே சொன்னார் என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரிடமும் நான்தான் சொல்லியிருந்தேன். மூன்று மாதத்தில் அந்தப் பொய் குடும்பம் முழுக்கப் பரவி, உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. பந்தியில் எழுந்து நின்று மறுக்க எனக்குத் துணிவில்லை. ரசத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். செவலை கீழே படுத்திருந்தது.

"அக்கா, நான் பண்ணினது தப்பு. எல்லாமே."

"தப்புதான்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. பட்டுப்புடவையை மடித்துக் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் உறவினரையும் போனில் கூப்பிட்டு, குதிரை தள்ளவில்லை, அவள் வழுக்கித்தான் விழுந்தாள், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே ஞாபகம் இல்லை.

நான்கு வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சாயங்காலங்களில் அக்காவையும் செவலையையும் காரில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே குழந்தைகளை ஏற்றி நடத்தும் இரண்டு குதிரைகள் உண்டு. முதலில் அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அதில் ஒன்று காலை ஊன்றாமல் வைப்பதைக் கண்டு, எழுந்து போய்க் குதிரைக்காரரிடம் காலைத் தூக்கச் சொன்னாள். "இன்னாமா, நீ டாக்டரா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தூக்கினார். குளம்பில் கல் இருந்தது. "அட, கல்லு மாட்டிக்கினு கீது பாரு" என்று அவரே எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து நாங்கள் போனால் அவர் சவாரியை நிறுத்திவிட்டு வந்து நாலு வார்த்தை பேசுவார். அக்காவால் குனிய முடியாது. தடியை ஊன்றிக்கொண்டு, கையை அதன் கழுத்தில் வைத்தபடி நிற்பாள். செவலை மட்டும் அந்தக் குதிரைகளின் கிட்டே போகாது. மணலில் தள்ளிப் படுத்துக்கொண்டு கடலைப் பார்க்கும்.

போன வாரம் ஒரு குதிரைதான் வந்திருந்தது. மற்றது எங்கே என்று அக்கா கேட்டாள். வயதாகிவிட்டது, குழந்தையை ஏற்றினால் முழங்கால் மடங்குகிறது என்றார் குதிரைக்காரர். பட்டினப்பாக்கத்தில் அவர் வீட்டுப் பக்கம் கட்டிப் போட்டிருக்கிறார்.

"என்ன பண்ணப் போறே?" என்று அக்கா கேட்டாள்.

"இன்னா பண்றதும்மா. எடம் கீறவங்க யார்னா கேட்டா குட்த்துருவேன்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. குதிரையின் பிடரி மயிரில் சிக்கியிருந்த முள்ளை விரலால் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றரை ஏக்கரில் இப்போது பன்னிரண்டு மனைகளும் சுற்றுச்சுவரும் இருக்கின்றன. எங்களுக்கு மந்தைவெளியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. இருட்டும்வரை நின்றோம். பிறகு நான் செவலையைத் தூக்கிக் காரில் ஏற்றினேன். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அடையாறு பாலம் தாண்டி வீட்டுக்கு வந்ததும், நான் செவலையோடு மூன்று மாடிப் படி ஏறினேன்.